தயாளினி சொல்லாத சம்மதம்

சுவர் விழுந்தபோது தயாளினிக்குக் கோபம் வரவில்லை. அது விழும் என்று அவளுக்கு நவம்பரிலேயே தெரியும். பெப்ரவரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் சனிக்கிழமை காலை, வென்கோட் மேட்டுத் திராட்சைத் தோட்டத்தின் நடுத்தட்டுச் சுவர் பதினைந்து அடி நீளத்துக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து சரிந்து, கீழே நின்ற பதினொரு திராட்சைக் கொடிகளைச் சேற்றோடும் செங்கல்லோடும் மூடியது. அவள் போய்ப் பார்த்தாள். குனிந்து ஒரு செங்கல்லைப் புரட்டி, அதில் ஒட்டியிருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டினாள்.

"நல்லாத்தான் பூசியிருக்கிறாங்கள்," என்றாள். அவ்வளவுதான்.

கோபம் வந்தது பத்து நாள் கழித்து. செவ்வாய்க்கிழமை பின்னேரம், லண்டன் நோர்பரியில் தன் வீட்டுக் குசினியில் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் சாருஜா மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, தோட்டக் குழுவின் ஒக்டோபர் மாதக் கூட்டக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதில நீங்க ஓம் எண்டு சொன்னதா எழுதியிருக்கு."

"எதுக்கு ஓம்?"

"சுவரில இருந்த துளையளை அடைக்கிறதுக்கு. அஞ்சு தரப்பும் இணங்கினவையாம். தோட்டக்காரரின்ர பிரதிநிதியும். உங்கட பேர் கிடக்கு."

கத்தி வெங்காயத்தின் நடுவில் நின்றுவிட்டது.

"திரும்ப வாசி."

சாருஜா திரும்ப வாசித்தாள். பிறகு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னொண்டும் இருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னம் நீங்க கையெழுத்து வைச்ச ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்த்தனான். சுவரில கை வைக்கிறதெண்டால் அஞ்சு தரப்பும் ஓம் சொல்லவேணும். ஒரு ஆள் மாட்டன் எண்டாலும் செய்ய ஏலாது."

"எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லை."

"நாப்பது பக்கம் அம்மா. நீங்க வாசிக்காமல் வைச்சனீங்கள்."

அது உண்மை. அதுதான் இன்னும் எரிந்தது. நாலு பேர் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம், ஆகவே தோற்றுப்போனேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அவள் தோற்கவே இல்லை. அவளுடைய 'மாட்டன்' ஒன்றே அந்தச் சுவரைக் காப்பாற்றப் போதுமாயிருந்தது. யாரோ அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அவள் பெயரில் ஒரு சம்மதத்தை எழுதிவைத்திருந்தார்கள்.

ஞானேஸ்வரன் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார். பார்சல் கிடங்கில் வேலை. சப்பாத்தைக் கழற்றாமலே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, வெங்காயத்துக்கு அழுறீரோ?"

"அழேல்லை. ஒருத்தரைக் கொல்லப்போறன்."

"சரி. சாப்பிட்டிட்டுக் கொல்லும்."

*

தயாளினியைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவளுடைய கோபத்தைப் பற்றித்தான். இரண்டாவதாகச் சொல்வது அவளுடைய வேலையைப் பற்றி. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. பிழையாகச் செய்த வேலையைப் பார்த்தால் அதைத் திருத்தாமல் விடமாட்டாள்.

இருபத்துமூன்று வயதில் கல்யாணமாகி சுவிஸ் போனவள். ஞானேஸ்வரன் அப்போது லெமான் ஏரிக்கரையில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஏரிக்கு மேலே மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். பழம் ஆயப் பத்து நாள் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பத்து நாளுக்குப் போனவள் பதினேழு வருஷம் நின்றாள். ஏணி வைத்ததுபோல் செங்குத்தான சரிவு. கருங்கல் சுவர்களால் தாங்கிய ஒடுங்கிய தட்டுகள். மழைக்குக் கீழே கழுவிக்கொண்டு வந்த மண்ணை வசந்தத்தில் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். உலக மரபுரிமை என்று அறிவித்த பிறகு, அங்கே சொந்தக்காரர்கூடத் தன் எண்ணப்படி ஒரு கல்லை அசைக்க முடியாது.

முதல் குளிர்காலம் முதலாளியம்மா அவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை. முழ நீள இரும்புக் கம்பி ஒன்றைக் கொடுத்தார். சுவர்களின் அடியில் வரிசையாகத் துளைகள் இருந்தன. மேல் மண்ணில் ஊறும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே வரும். இலையும் நத்தை ஓடும் சேறும் அடைத்துக் கிடக்கும். ஒவ்வொன்றாகக் குத்தித் துப்புரவாக்குவதுதான் வேலை. முந்நூற்றுச் சொச்சம் துளைகள். முழங்காலில் நின்று, விரல் விறைத்து, அவள் அன்றைக்கும் கோபப்பட்டாள். இதென்ன வேலை என்று. மறு வருஷம் பக்கத்துத் தோட்டத்துச் சுவர் ஒன்று இரவோடிரவாக வந்து ரோட்டில் படுத்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கவேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து எங்கள் ஆட்கள் கூட்டங்கூட்டமாக லண்டனுக்கு வந்த காலத்தில் அவர்களும் வந்தார்கள். சாருஜாவுக்குப் பதினாலு வயது, பிரவினுக்குப் பதினொன்று. பகலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறை, பின்னேரம் ஆறு மணிக்குக் குரோய்டனில் அலுவலகத் துப்புரவு. திராட்சையோடு தன் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

இரண்டாயிரத்துப் பதினேழு மாசி மாதம் ஒரு நாள், பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் வந்தவள் கண்ணில் வென்கோட் மேடு பட்டது. வீடுகளுக்கு நடுவே தெற்குப் பார்த்த ஒரு சரிவு. நாலு தட்டு, செங்கல் சுவர்கள், வரிசையாக இலையில்லாத கொடிகள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு பணக்கார வியாபாரி ஆசைக்குக் கட்டி நட்டது. அவர் செத்த பிறகு பற்றைக்குள் மறைந்து கிடந்து, திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. அதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியும். அன்று அவள் பார்த்தது ஒன்றைத்தான்: கொடிகளை ரோசாச் செடி வெட்டுகிறமாதிரி வெட்டியிருந்தார்கள். இரண்டு விடவேண்டிய இடத்தில் ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு கொப்பு, எல்லாம் சம உயரத்தில், மேசை விரிப்பின் ஓரம்போல.

மணியை அடித்து அடுத்த தரிப்பில் இறங்கினாள். சமையலறைச் சப்பாத்தோடு இரும்புப் படலையைத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் கத்தரிக்கோலும் கையுமாக நின்றார்கள்.

"யார் இதை வெட்டினது?"

"நாங்கள்தான்," என்றார்கள், பெருமையாக.

"நிறுத்துங்கள்," என்றாள்.

அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்படித்தான் அவள் அங்கே சேர்ந்தாள். சனிக்கிழமை தவறாமல் போனாள். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற சண்முகராசாவையும் பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போனாள். நாலாம் வருஷம் அந்த மேட்டில் ஒழுங்கான குலை தொங்கியது. வைன் வந்தது. அவள் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. ஞானேஸ்வரன் குடித்துவிட்டு, "இதுக்கோ உமக்கு இவ்வளவு பாடு?" என்றார்.

*

அந்த மேட்டை ஒருவர் ஆள்வதில்லை. சுவர், தட்டு, கொடி எல்லாம் சேர்ந்து பாதுகாக்கப்பட்ட நிலம் என்று அறிவித்தபோது, ஐந்து தரப்பு சேர்ந்த ஒரு குழுவை வைத்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான கவுன்சில் ஒன்று. பழைய கட்டடங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளை இரண்டு. சுற்றியுள்ள வீட்டுக்காரர் சங்கம் மூன்று. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நாலு. அயலில் வாழும் சமூகங்களின் பிரதிநிதி ஐந்து. நாலாவது கதிரைக்குத் தோட்டக்காரர் எல்லாரும் கை தூக்கித் தயாளினியைத் தெரிந்தெடுத்தார்கள். ஐந்தாவது கதிரையில் பாலசுப்பிரமணியன் இருந்தார்.

பாலா அண்ணை அந்தப் பகுதித் தமிழ் ஒன்றியத்தின் தலைவர். எழுபது வயது. யாருக்கு விசா சிக்கல் என்றாலும், செத்தவீடென்றாலும் முதலில் வந்து நிற்பவர். நல்ல மனுசன் என்று எல்லாரும் சொல்வார்கள், பொய்யில்லை. ஒன்றியக் கூட்டத்தை அவர் நடத்தும் விதம் ஒன்றுதான். எழுந்து நின்று விஷயத்தைச் சொல்வார். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். பின்வரிசையில் யாராவது "ஓமோம்" என்பார். அதற்குள் தேத்தண்ணியும் வடையும் வந்துவிடும். பத்தொன்பது வருஷமாக அப்படி.

போன ஒக்டோபர் கூட்டத்தில் நடுச்சுவர் பேச்சுக்கு வந்தது. துளைகளால் வடியும் தண்ணீர் செங்கல்லில் கறை போடுகிறது, கீழே நடைபாதை சேறாகிறது, பார்க்க வருபவர்களுக்கு அழகில்லை. துளைகளை அடைத்து, இடுக்கெல்லாம் சீமெந்து பூசினால் சுத்தமாக இருக்கும். குழுத் தலைவர் ஹெலன், வீட்டுக்காரர் சங்கத்துப் பெண்மணி, நல்ல சிரித்த முகம், படம் போட்டுக் காட்டினார்.

தயாளினியின் இங்கிலீஷ் கட்டையானது. பிரெஞ்சில் என்றால் அவர்களைக் கிழித்திருப்பாள். "மாட்டேன்," என்றாள். "தண்ணி போகவேணும். துளை இல்லையெண்டால் சுவர் விழும். நான் சம்மதிக்கமாட்டேன்."

"மிக்க நன்றி தயா. உங்கள் அனுபவம் எங்களுக்குப் பொக்கிஷம்," என்றார் ஹெலன்.

ஐந்தரை ஆகிவிட்டது. துப்புரவு வேலைக்குப் பிந்தினால் சம்பளம் வெட்டு. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று எழுந்து போய்விட்டாள்.

நவம்பரில் வேலையாட்கள் வந்து அடைக்கத் தொடங்கியதும் பாலா அண்ணைக்கு ஃபோன் எடுத்தாள். "எஞ்சினியர் பார்த்தது தங்கச்சி, உனக்கேன் பயம்?" என்றார். நடுச்சுவரை முடித்துவிட்டு, மிஞ்சிய சீமெந்தை வீணாக்காமல், கீழ்ச்சுவரின் ஏழு துளைகளையும் அடைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மிஞ்சிய சீமெந்து, அவ்வளவுதான்.

கீழ்ச்சுவரின் அடியில்தான் அந்த வியாபாரி நட்டவற்றில் மிஞ்சிய பத்தொன்பது பழைய கொடிகள் நிற்கின்றன. அடி மரம் தொடை மொத்தம். அதற்கும் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்துபோகும் பாதை.

நடுச்சுவர் விழுந்த பிறகு கவுன்சில் ஓர் அறிக்கை எழுதியது. தோட்டக்காரர் கொடிகளின் அடியில் ஆழமாகக் கொத்தியதும் காரணமாக இருக்கலாம் என்றிருந்தது அதில். மார்ச் கூட்டத்தில் கீழ்ச்சுவரையும் அதே முறையில் 'பலப்படுத்த' முடிவெடுக்கப்போகிறார்களாம். அதைச் சாருஜா வாசித்துச் சொன்னதற்கு அடுத்த நாள், தயாளினி துப்புரவு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பாலா அண்ணை வீட்டுக்குப் போனாள்.

*

அவர் மனைவி தவநாயகி கதவைத் திறந்தாள். "வா தயா, வா. நல்ல நேரம். இப்பதான் தேத்தண்ணி போட்டனான்."

"அண்ணை நிக்கிறாரோ அக்கா?"

பாலா அண்ணை கம்பளிச் சட்டையோடு சோபாவில் இருந்தார். "என்ன தங்கச்சி, இந்த மழைக்குள்ள?"

அவள் இருக்கவில்லை. "ஒக்டோபர் கூட்டத்தில நான் போன பிறகு என்ன நடந்தது?"

"அதெல்லாம் இப்ப ஏன்?"

"நான் ஓம் எண்டு சொன்னதா எழுதிக் கிடக்கு. ஆர் சொன்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹெலன் கேட்டா, தயாவின்ர முடிவு என்ன மாதிரி எண்டு. நான் சொன்னன், அவ ஒண்டும் பிழையா நினைக்கமாட்டா, எங்கட ஆக்கள் எல்லாரும் உங்களுக்கு ஆதரவு எண்டு."

"நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான்? உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது. நீ கோபத்தில சொன்னனீ. நீ எல்லாத்துக்கும் முதல்ல மாட்டன் எண்டுதானே சொல்லுறனீ?"

"அதால அது கணக்கில்லையோ?"

"தங்கச்சி, விளங்கிக்கொள். அவையள் எங்களையும் ஒரு மேசையில இருத்தி வைச்சிருக்கினம். எதுக்கெடுத்தாலும் ஏலாது எண்டு நிண்டால் அடுத்த தரம் கூப்பிடுவினமோ? பொங்கலுக்கு அந்தப் புல்வெளியைத் தந்தவை. முகத்தை முறிக்கலாமோ?"

"அப்ப பொங்கலுக்குச் சுவரைக் குடுத்தனீங்கள்."

"விசர்க் கதை கதையாதை."

"பதினொரு கொடி அண்ணை. நான் ஒவ்வொண்டா வெட்டி, ஒவ்வொண்டாக் கட்டி வளைச்செடுத்தது. இப்ப நாங்கள் கொத்தினதாலதான் சுவர் விழுந்ததாம். என்ர பேரிலேயே ஓம், என்ர தலையிலேயே பழி."

தவநாயகி தட்டத்தை மேசையில் வைத்தாள். "தேத்தண்ணி ஆறுது, பிள்ளை."

"ஆறட்டும் அக்கா."

பாலா அண்ணையின் குரல் இறங்கியது. "ஒன்றியத்தில நாங்கள் இப்பிடித்தானே செய்யிறம். ஆராவது ஒருத்தர் எழும்பி எல்லாருக்காகவும் சொல்லுறது. பத்தொன்பது வருஷத்தில ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

"ஒருத்தரையும் சொல்ல விடேல்லை."

அவர் துடைத்த கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மார்ச் கூட்டத்தில உங்கட வாயாலேயே சொல்லுங்கோ, தயாளினி ஓம் எண்டு சொல்லேல்லை, நான்தான் சொன்னனான் எண்டு."

"வெள்ளையளுக்கு முன்னால எங்களுக்குள்ள அடிபடுறதோ? வெக்கமில்லையோ உனக்கு?"

"வெக்கம் சுவரோட விழுந்திட்டுது," என்று சொல்லிவிட்டு அவள் கதவை நோக்கி நடந்தாள். தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. எங்கள் வீடுகளில் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் போவது சின்ன விஷயமில்லை. அவள் அது தெரிந்துதான் போனாள்.

*

அடுத்த மூன்று கிழமையும் அவள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினி மேசையில் இருந்து எழுதினாள். சொல்லவேண்டிய இங்கிலீஷ் வசனங்களைச் சாருஜா சொல்லச் சொல்ல, தமிழ் எழுத்தில். எட்டு வசனம். எட்டாவதைச் சாருஜா மறுத்தாள்.

"இது கொஞ்சம் பண்பில்லாமல் இருக்கு அம்மா."

"இருக்கட்டும்."

"'நீங்கள் பொய் எழுதினீர்கள்' எண்டு முகத்துக்கு நேர சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது? எழுத ஏலுமெண்டால் சொல்லவும் ஏலும்."

"உமக்குக் கலியாணம் என்னோடயோ, அந்தச் சுவரோடயோ?" என்றார் ஞானேஸ்வரன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து. ஆனால் கூட்டத்துக்கு முதல் நாள் குறடும் சுத்தியலும் கிடக்கும் தன் ஆயுதப் பெட்டியைக் கிண்டி, அவள் கேட்ட பெரிய இரும்பு நட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அதில் அவள் மூன்று மீற்றர் நூலைக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் நாலு மணிக்கு, மேட்டின் அடியில் பழைய குதிரை லாயத்தைத் திருத்திக் கட்டிய மண்டபத்தில். மேசையில் பிஸ்கட். ஹெலன், கவுன்சிலின் இளம் அதிகாரி, அறக்கட்டளையின் நரைத்த தாடிக்காரர், பாலா அண்ணை, தயாளினி. பாலா அண்ணை அவளைப் பார்க்காமல் இருந்தார்.

"முதலில் ஒக்டோபர் கூட்டக் குறிப்பு," என்றார் ஹெலன். பக்கத்தைப் புரட்டாமலே, "சரியான பதிவுதானே? எல்லோருக்கும் சம்மதம்?"

தயாளினி பையிலிருந்து தாளை எடுத்தாள். அதே கேள்வி. அதே இழுப்பு. பதிலை எதிர்பார்க்காத அதே குரல். பாலா அண்ணை வடைக்கு முன்னால் கேட்பதை இவர் பிஸ்கட்டுக்கு முன்னால் கேட்கிறார். இரண்டு பாஷையிலும் ஒரே களவு.

"இல்லை," என்றாள்.

ஹெலன் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். "ஏதாவது எழுத்துப் பிழையா?"

தாளை விரித்தாள். வாசிக்கத் தொடங்கியவளுக்கு மூன்றாவது வசனத்தோடு எழுத்துகள் கலங்கிவிட்டன. கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. தாளை மடித்தாள். "நான் மாட்டேன் என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். நீங்கள் ஓம் என்று எழுதினீர்கள். என் பெயரைப் போட்டு. இது பொய்." எட்டாவது வசனம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அதிகாரி பேனாவை உருட்டினான். "பாலா உங்கள் சார்பில்…"

"பாலாவுக்கு அவருடைய கதிரை. எனக்கு என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் தமிழர் என்றால் ஒரு வாயா?"

தாடிக்காரர் பாலா அண்ணையின் பக்கம் திரும்பினார். பாலா அண்ணை பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு சின்ன விளக்கக் குறைவு நடந்திருக்கலாம்," என்றார் இங்கிலீஷில்.

"அண்ணை," என்றாள் அவள் தமிழில், குரலை உயர்த்தாமல், "பதினொரு கொடி."

அவர் காது சிவந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இல்லை," என்றார். "அவ மறுத்தது எனக்குக் கேட்டது. அவ போன பிறகு நான்தான் சம்மதம் என்று சொன்னேன். எனக்கு அதற்கு உரிமையில்லை."

"அப்படியானால் இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில்…" என்று ஹெலன் தொடங்கினார்.

"அடுத்த கூட்டம் இல்லை. இப்ப. வெளியில் இன்னும் வெளிச்சம் இருக்கு. வாங்கோ."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தலைவர் எழாமல் ஒருவரும் எழுவதில்லை என்றுதான் அவர்கள் பழகியிருந்தார்கள். ஆனால் தாடிக்காரர் எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

கீழ்ச்சுவர் ஈரத்தில் கறுத்து நின்றது. அடைத்த ஏழு துளைகளும் வெள்ளைப் பொட்டுகள்போல் தெரிந்தன. தயாளினி சுவருக்கு மேலே உள்ள தட்டில் ஏறி நின்று, சுவரின் தலையிலிருந்து நூலை இறக்கினாள். இரும்பு நட்டு ஆடி ஆடி நின்றது. மேலே நூலுக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. நடுவில் நூல் செங்கல்லில் தொட்டுக்கொண்டு கிடந்தது. கீழே போகப் போக மறுபடி விலகியது. சுவர் கர்ப்பிணிபோல் நின்றது.

"நவம்பரில் இது நேர்," என்றாள் மேலிருந்து. "உள்ளே தண்ணி நிற்குது. நாங்கள் கொத்தினதில்லை. கொத்தினால் சுவர் வயிறு வைக்குமா?"

பாதையில் இரண்டு பிள்ளைகள் புத்தகப் பையோடு போனார்கள். தாடிக்காரர் கையை நீட்டி அவர்களை மற்றப் பக்கத்தால் போகச் சொன்னார். அதிகாரியின் முகம் அப்போதுதான் மாறியது.

"இந்தத் துளைகளை அடைக்க யார் அனுமதி கொடுத்தது?" என்று தாடிக்காரர் கேட்டார்.

"மிஞ்சிய சீமெந்து," என்றாள் தயாளினி.

அங்கேயே நின்று முடிவெடுத்தார்கள். பாதையை இன்றே மூடுவது, துளைகளைத் திறப்பது, சீமெந்தைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்து வைப்பது. "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று ஹெலன் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்," என்றாள் தயாளினி. "வாயால்."

குளிரில், சேற்றில், ஐந்து பேரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பாலா அண்ணையின் முறை வந்தபோது அவர் தனக்காக மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்து முதல் துளையைத் திறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். சண்முகராசா வீடியோ அனுப்பினார். துளையிலிருந்து மண்ணிறத் தண்ணீர் வில்லாக வளைந்து பாய்ந்தது. மறுநாள் மதியம்வரை நிற்கவில்லையாம். அறிக்கையிலிருந்து தோட்டக்காரரின் பழியை எடுத்துவிட்டதாகக் கவுன்சில் இரண்டு வரியில் எழுதியது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பத்தொன்பது பழைய கொடிகளும் சித்திரையில் துளிர்த்தன. சேற்றுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பதினொன்றில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. அவற்றின் அடிமரங்களை அவள் எரிக்க விடவில்லை. மண்டபத்தின் வாசலில், குழு நடந்துபோகும் வழியில், அடுக்கிவைத்தாள்.

*

ஒன்றியத்தின் வருடாந்தக் கூட்டம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அறுபது எழுபது பேர். சேலை, பட்டு வேட்டி, பின்னால் ஓடித்திரியும் பிள்ளைகள். தயாளினி ஞானேஸ்வரனோடு நடுவரிசையில் இருந்தாள். தவநாயகி அவளைக் கண்டும் காணாததுபோல் வடைத் தட்டங்களை அடுக்கினாள்.

செயலாளர் பிரியந்தன் எழுந்தான். "வென்கோட் மேட்டுக் குழுவில எங்கட பிரதிநிதியா பாலா அண்ணையே தொடர்ந்து இருக்கட்டும் எண்டு நினைக்கிறம். அவரைவிட்டால் ஆர்? எல்லாருக்கும் சம்மதம்தானே?"

பின்னால் யாரோ "ஓமோம்" என்றார். தட்டங்கள் நகரத் தொடங்கின.

"இஞ்சாரும், இரும்," என்று ஞானேஸ்வரன் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"எனக்குச் சம்மதமில்லை."

தட்டங்கள் நின்றன.

"அக்கா, இதை நாங்கள் பிறகு கதைப்பம்," என்றான் பிரியந்தன் சிரித்துக்கொண்டு. "இப்ப தேத்தண்ணி…"

"தேத்தண்ணி ஆறட்டும். சம்மதமோ எண்டு கேட்டனீர். இல்லை எண்டு சொல்லுறன். எழுதும்."

பிரியந்தன் தலைவரைப் பார்த்தான். முன்வரிசையில் பாலா அண்ணை திரும்பாமல் இருந்தார். அவர் கழுத்து மட்டும் தெரிந்தது. அப்படியே திரும்பாமல், "எழுது தம்பி," என்றார். "மற்றவையிட்டயும் ஒவ்வொருத்தரா கேள்."

பிரியந்தன் கொப்பியைத் திறந்தான். அதில் எழுதப் பேனா இல்லை. பத்தொன்பது வருஷமாக யாருக்கும் தேவைப்படவில்லை. சட்டைப் பைகளைத் தடவினான், பக்கத்து மேசையைப் பார்த்தான், யாரோ பேனாவுக்காகப் பின்னால் ஓடினார்கள்.

"சரியக்கா, நீங்கள் இருங்கோ. பேனை வந்தோடன எழுதுறன்."

"நீர் எழுதும். பிறகு இருக்கிறன்," என்றாள் தயாளினி.

பேனா வந்து, அவன் அவள் பெயரை எழுதி, அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதி, கொப்பியைத் திருப்பிக் காட்டும்வரை அவள் நின்றுகொண்டேயிருந்தாள்.